ஊரே குளுகுளு... கார் மட்டும் ஏன் அடுப்பு? கொல்லிமலை போறவங்களுக்கு ஒரு பார்க்கிங் கைடு!

காரவள்ளியைத் தாண்டி 70 கொண்டை ஊசி வளைவுகள். மேலே ஏறி ஜன்னலை இறக்கினா ஜில்லுனு காத்து. அறப்பளீஸ்வரர் கோயில் பக்கம் காரை நிறுத்திட்டு, ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்குறீங்க. குளிச்சு முடிச்சு, மூச்சு வாங்க ஏறி வந்து கார் கதவைத் திறந்தா, முகத்துல அனல் அடிக்குது. 'இவ்ளோ குளிரான ஊர்ல எப்படி?'னு தோணுதா?

காத்து இல்லை, வெயில்தான் காரணம்

சூரிய ஒளி கண்ணாடி வழியா உள்ளே வந்து டேஷ்போர்டையும் சீட்டையும் சூடாக்குகிறது. அவை திருப்பி வெளியிடும் வெப்பக்கதிர்களைக் கண்ணாடி வெளியே விடுவதில்லை. சூடான காற்றும் உள்ளேயே அடைபட்டுவிடும். 2005-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். வெளியே வெறும் 22 டிகிரி செல்சியஸ் இருந்த நாளில்கூட, ஒரு மணி நேரத்தில் காருக்குள் 47 டிகிரி! ஏறும் வெப்பத்தில் 80 சதவிகிதம் முதல் அரை மணி நேரத்திலேயே ஏறிவிடுகிறது.

எந்த ஐடியா வேலை செய்யும்?

ஜப்பான் ஆட்டோமொபைல் ஃபெடரேஷன் 2012-ல், 35 டிகிரி வெயிலில் கார்களை 4 மணி நேரம் நிறுத்திப் பார்த்தது. எதுவும் செய்யாத வெள்ளை காருக்குள் அதிகபட்சம் 52 டிகிரி. கறுப்பு கார்னா 57. மத்ததெல்லாம்?

* சன் ஷேடு: காருக்குள் 50 டிகிரி. இவ்ளோதானானு நினைக்காதீங்க. 74 டிகிரிக்குப் போன டேஷ்போர்டு, ஷேடு வெச்சதும் 52-ல் நின்றது. ஸ்டீயரிங் கையைச் சுடாம இருக்க இதுதான் கைகொடுக்கும்.

* கண்ணாடியை 3 செ.மீ இறக்குவது: 45 டிகிரி. பரவாயில்லை ரகம். ஆனா, ஸ்டான்ஃபோர்டு சோதனையில் இதனால் பெரிய பலன் இல்லை. கொல்லிமலையில் இன்னொரு சிக்கல்... குரங்குகள்! ஒரு விரல் இடைவெளிக்கு மேல இறக்காதீங்க.

* நிழல்: செலவே இல்லாத வழி. 2018-ல் வெளியான அரிசோனா ஸ்டேட் பல்கலைக்கழக ஆய்வில், ஒரு மணி நேரம் வெயிலில் நின்ற கார்களின் டேஷ்போர்டு சராசரியா 69 டிகிரி, நிழலில் 48. திரும்பி வரும் நேரத்துக்கு நிழல் எங்கே இருக்கும்னு யோசிச்சு நிறுத்துங்க. பலா மரத்தடி மட்டும் வேண்டாம். பழம் விழுந்தா டாப் காலி!

* கறுப்பு ஃபிலிம்: 2012-லேயே உச்ச நீதிமன்றம் இதுக்குத் தடை போட்டது. முன், பின் கண்ணாடிகள் 70 சதவிகிதமும், பக்கவாட்டுக் கண்ணாடிகள் 50 சதவிகிதமும் ஒளியை உள்ளே விடணும் என்பது விதி.

கிளம்பும்போது இதைச் செய்யுங்க

ஒரு பக்கக் கண்ணாடியை இறக்கிட்டு, எதிர்ப்பக்கக் கதவை அஞ்சாறு தடவை விசிறி மாதிரி திறந்து மூடுங்க. சூடான காத்து வெளியேறிடும். அப்புறம் எல்லா கண்ணாடியையும் இறக்கி ஏ.சி-யைப் போட்டு கொஞ்ச தூரம் ஓட்டுங்க. உள்ளே சூடு இறங்கினதும் கண்ணாடியை ஏத்தி, ரீசர்குலேஷன் பட்டனை அழுத்துங்க. பவர் பேங்க், லைட்டர், பாடி ஸ்ப்ரே எதையும் காரில் விட்டுட்டுப் போகாதீங்க. சூட்டில் வெடிக்கக்கூடியவை இவை. சோளக்காடு சந்தையில பழம் வாங்கறதா இருந்தா, கடைசியா வாங்குங்க.

கடைசியா, ரொம்ப முக்கியமானது

மேலே சொன்ன எந்த ஐடியாவும் காரை ஆள் உட்காரும் அளவுக்குப் பாதுகாப்பா மாத்தாது. குழந்தையின் உடல், பெரியவங்களைவிட 3 முதல் 5 மடங்கு வேகமா சூடேறும். 'குட்டி தூங்குது, படி வேற ஜாஸ்தி, ஊரும் ஜில்லுனுதானே இருக்கு'னு காருக்குள்ள விட்டுட்டுப் போகாதீங்க. வயசானவங்க, செல்லப்பிராணிகளுக்கும் இதேதான். படி இறங்க முடியாதவங்களோட ஒருத்தர் கோயில் பக்கம் நிழல்ல உட்காரட்டும். அருவியை மாத்தி மாத்திப் பார்த்துக்கலாம் மக்களே!