பறங்கிப் பூவும் பழைய கொல்லையும்

மார்கழி விடியலில், பனி இன்னும் ஓட்டுக்கூரையை விட்டு இறங்காத வேளையில், வாசலில் சாணம் தெளித்துக் கோலமிட்டு, கோலத்தின் நடுவே சாண உருண்டை ஒன்றை வைத்து, அதன் தலையில் அப்போதுதான் மலர்ந்த மஞ்சள் பூவைச் செருகும் வழக்கத்தைக் காட்டிலும் தமிழ் மணம் கமழும் காட்சி வேறு ஏதேனும் உண்டா என்று யாராவது கேட்டால், எனக்கு உடனே மறுமொழி தோன்றாது. ஆனால் அந்தப் பூ பல வீடுகளில் பறங்கிப் பூ. வாய் பூசணிப் பூ என்று சொல்லும். கொல்லையில் கொட்டில் மேல் படர்ந்திருப்பதோ பறங்கிக் கொடி. சாம்பல் பூத்த வெண்பூசணி ஆசியாவுக்கே உரிய கொடி. மஞ்சள் சதை கொண்ட பறங்கியோ அமெரிக்கக் கண்டத்தில் தோன்றி, கொலம்பஸுக்குப் பின்னரே பெருங்கடல் தாண்டி, ஐரோப்பியர் கப்பல்களில் நம் கரைக்கு வந்து சேர்ந்தது. அந்தப் பெயரே அதன் வரலாற்றைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. ஐரோப்பியரைக் குறித்த பறங்கி என்ற ஒரே சொல், சென்னைக்கு அருகே ஒரு மலைக்கும், சோழமண்டலக் கரையில் ஒரு துறைமுகத்துக்கும், சபையில் சொல்லக் கூசும் ஒரு வியாதிக்கும், சமையலறையில் ஒரு காய்க்கும் பெயராயிற்று. இவற்றுள் காய் ஒன்றுதான் பண்டிகைக்குள் பிரவேசித்தது.

அதற்கு முற்பட்ட கொல்லை எப்படி இருந்தது? வீட்டை ஒட்டிய தோட்டத்தைச் சங்க காலத்தார் படப்பை என்றனர். பட்டினப்பாலை சோழ நாட்டு வளத்தைச் சொல்லும் இடத்தில் தென்னை, வாழை, கமுகு, மஞ்சள், மா, பனை, சேம்பு, இஞ்சி ஆகியவை அடுத்தடுத்து வருகின்றன. ஈராயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் காவிரிக் கரைக் கிராமம் ஒன்றின் புழக்கடையில் நின்று பார்க்கிறவனுக்கு இந்தப் பட்டியலில் அந்நியமானது ஒன்றும் இல்லை. பாத்திரம் கழுவிய நீர் ஓடும் வாய்க்காலில் சேம்பும், அதையடுத்து வாழையும் இன்றும் அவ்வண்ணமே நிற்கின்றன. அந்தக் காலத்திலும் புதிய பயிர்கள் வராமல் இல்லை. கரும்பை இந்நாட்டுக்குக் கொணர்ந்தவர்கள் என்று அதியமானின் முன்னோரை ஔவையார் புறநானூற்றில் போற்றுகிறார். ஒரு செடியைக் கொண்டுவந்தது வமிசப் பெருமையாக எண்ணப்பட்ட காலம் அது. பறங்கி விதையை முதன்முதல் மடியில் முடிந்து வந்தவனை எந்தப் புலவரும் பாடவில்லை. அவன் கப்பலில் சமையல் செய்தவனாகவோ, துறைமுகத்தில் மூட்டை சுமந்தவனாகவோ இருந்திருக்கலாம்.

புதுச் செடி ஒன்று கொல்லையில் நிலைபெறுவதற்கு ருசி மாத்திரம் போதாது. அது பட்டத்துக்கு இணங்க வேண்டும். ஆடியில் மழை தலைகாட்டியதும் அவரை, பீர்க்கு, புடல், சுரை ஆகியவற்றின் விதைகளை ஊன்றிப் பந்தலில் ஏற்றிவிடும் பழக்கம் பறங்கி வருமுன்பே இங்கு வேரூன்றியிருந்தது. பறங்கி அந்த வரிசையில் சண்டையில்லாமல் உட்கார்ந்துகொண்டது: ஆடியில் ஊன்றிய விதை ஐப்பசி மழையைக் குடித்துக் கூரையேறி, மார்கழியிலும் பூப்பதை நிறுத்தாமல், தை பிறக்கும்போது முற்றிய காய்களைப் பொங்கலுக்கு இறக்கித் தந்துவிடும். கொடியில் முதலில் மலர்வதும் மிகுதியாக மலர்வதும் ஆண் பூக்களே. அவற்றுள் வேண்டிய மட்டும் பறித்தாலும் காய் குறையாது. மேலும், அவை விடியலில் விரிந்து உச்சிவேளைக்குள் வாடிவிடுபவை. விடியற்காலைக் கோலத்துக்கென்றே படைக்கப்பட்டது போன்ற பூவை, காசும் இல்லாமல் நஷ்டமும் இல்லாமல், கடல் கடந்த கொடி ஒன்று கொடுக்கும்போது அதை வேண்டாமென்பார் யார்? திருவாதிரைக் களிக்கு உகந்த கூட்டிலும் பறங்கிக்கு ஓர் இடம் நிச்சயம்.

மிளகாயின் கதை இன்னும் பெரிது. மிளகு மலைச்சாரலின் நிழலையும் ஈரத்தையும் விரும்பும் கொடி. சமவெளிக் குடியானவன் அதைக் காசு கொடுத்துத்தான் வாங்கவேண்டும். பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் வழியாக வந்த மிளகாய்ச் செடியோ, வற்றலிலிருந்து உதிர்ந்த விதையைக் கிணற்றடியில் தூவினாலே முளைத்து, சில மாதங்களில் காய்த்து, வெயிலில் உலர்த்தினால் வருஷம் முழுவதும் கெடாமல் கிடந்தது. மிளகைத் தேடிக் கடலேறிய பறங்கியர், அந்த மிளகின் அரசாட்சியையே கவிழ்க்கும் செடியைத் தம் கையாலேயே இங்கு இறக்கிவிட்டுப் போனார்கள். நம்மவர் அதற்கு அந்நியப் பெயர் சூட்டவில்லை. மிளகின் பெயரோடு ஒரு காயைச் சேர்த்து மிளகாய் என்றார்கள்.

பெயரிடும் சாமர்த்தியத்தில் நம் கிராமத்து ஜனங்களை மிஞ்சுவது கடினம். கொய்யா, பப்பாளி, அன்னாசி ஆகியவை போர்த்துக்கீசியர் வாயிலிருந்த சொல்லோடேயே வந்து தமிழாகிவிட்டன. வேர்க்கடலை ஆற்காட்டுப் பக்கங்களில் மணிலாக்கொட்டையாகி, அதுவும் நாவில் தேய்ந்து மல்லாட்டையாயிற்று. மணிலா என்பது எந்தத் திசையில் இருக்கும் ஊர் என்று அறியாதவர்களும் அந்தப் பெயரைச் சுட்டு உப்பிட்டுத் தின்கிறார்கள். பின்னர் ஆங்கிலேயர் ஆட்சியில் பறங்கிக்குப் பதிலாகச் சீமை என்னும் அடைமொழி வழங்கலாயிற்று. விசித்திரம் என்னவென்றால், சில விருந்தாளிகள் வீட்டுக்காரன் பெயரையே பறித்துக்கொண்டன. தக்காளி என்பது முன்பு வேலியோரத்தில் உறை மூடிப் பழுக்கும் சிறு பழத்தின் பெயர். புதிதாய் வந்தது சீமைத்தக்காளி. நாளடைவில் சீமை உதிர்ந்தது, புதியது வெறும் தக்காளியாயிற்று. முந்திரி என்று திராட்சைக்கு வழங்கிய பெயரும் இவ்வாறே கைமாறியது. திராட்சை கொடிமுந்திரி என்று அடைமொழி தேடிக்கொண்டது.

வந்தவையெல்லாம் நல்லவையென்று சொல்லிவிட முடியாது. சாயம் தரும் பூச்சியை வளர்ப்பதற்காகப் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்னும் மருத்துவர் சென்னைச் சைதாப்பேட்டையில் சப்பாத்திக்கள்ளித் தோட்டம் போட்டார். சாய வியாபாரம் செழிக்கவில்லை. அமெரிக்கக் கள்ளி இனங்களோ வேலியாக நடப்பட்டு, வேலியைத் தாண்டி, மேய்ச்சல் நிலங்களைக் கவ்விக்கொண்டன. அவற்றை ஒடுக்குவதற்கு 1920களில் இன்னொரு பூச்சியை இலங்கையிலிருந்து கொண்டுவர வேண்டியதாயிற்று.

மரவள்ளியின் பரவல் அரண்மனை வழியாக நேர்ந்தது. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா, நெல் போதாத தம் ராஜ்யத்தில் இந்தக் கிழங்கைப் பரப்புவதில் ஊக்கம் காட்டினார். விதை வேண்டாம், ஒரு முழக் குச்சியை ஒடித்து ஊன்றினால் போதும். இரண்டாம் உலக யுத்தத்தில் பர்மா அரிசி நின்றுபோனபோது, அந்நாளில் திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த கன்னியாகுமரிப் பக்கத்து வீடுகளிலும் மரச்சீனி என்ற பெயரில் இந்தக் கிழங்குதான் அடுப்பேறியது.

பூச்செடிகளைப் பற்றி எழுதப் புகுந்தால் இந்தக் கட்டுரை முடியாது. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிய 99 பூக்களில் இடம்பெற்றிருக்க முடியாத அந்திமந்தாரையும் பொன்னரளியும் அமெரிக்கக் குடிகள். அவை கிணற்றடியில் நம் பாட்டிமார் வளர்த்தவை. நாகலிங்க மரமோ தென்னமெரிக்காவிலிருந்து வந்து, தன் பூவின் உருவ விசேஷத்தால் நேரே சிவாலயத்துக்குள்ளேயே புகுந்துவிட்டது.

இவ்வளவு தாராளமாகக் கதவைத் திறந்துவிட்ட அதே வீட்டில், வருஷத்துக்கு ஒரு நாள் மட்டும் கதவு சாத்தப்படும். அது சிராத்த தினம். மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, கோஸ் முதலியவை அன்று அடுப்பங்கரைக்கு ஆகா. வீட்டுக்கு வீடு ஆசாரம் சிறிது வேறுபடுமெனினும், கடல் கடந்து பிற்காலத்தில் வந்த கறிகாய்கள் பெரும்பாலும் விலக்கப்படும். என் பாட்டி பறங்கி விதையைச் சாணத்தோடு சேர்த்துச் சுவரில் தட்டி அடுத்த ஆடிக்குப் பாதுகாப்பாள். அடுத்த தெருவில் புதிய செடி ஒன்று வந்ததென்று கேள்விப்பட்டால், அன்று மாலையே ஒரு பதியனோ போத்தோ அவள் கையில் இருக்கும். அத்தகையவள் தாத்தாவின் திதியன்று கொல்லையில் இறங்கி, வாழைக்காயும் பாகற்காயும் சேப்பங்கிழங்கும் பிரண்டையும் கறிவேப்பிலையும் மாத்திரம் சேகரித்துக்கொண்டு, கிணற்றடியில் சிவக்கச் சிவக்கப் பழுத்து நிற்கும் மிளகாய்ச் செடியை ஏறிட்டும் பாராமல் கடந்து வந்து, என் கையில் சில்லறையைக் கொடுத்து, மிளகு வாங்கிவரும்படி கடைத்தெருவுக்கு அனுப்புவாள்.