கொள்ளிட முகத்துத் தீவுக்கோட்டை

சேத்தியாத்தோப்பு அணைக்கட்டைக் கடந்து செல்லும் வெள்ளாறு பரங்கிப்பேட்டையருகே கடலை அடைகிறது. அதற்குத் தெற்கே கொள்ளிடம் கடலொடு கலக்கிறது. இவ்விரு கழிமுகங்களுக்கும் இடையே பரந்து கிடப்பது பிச்சாவரம் சதுப்புக்காடு. சிதம்பரத்திற்குத் தன் பெயரை ஈந்த தில்லை மரத்தைக் காண விழைவோர் இன்று இக்காட்டிற்கே செல்லுதல் வேண்டும். விடுமுறை நாளில் தோணியேறிச் சுரபுன்னை வேர்களினூடே உலவி வருவோர் சில நாழிகையில் கரை திரும்பி விடுகின்றனர். இக்கழிநிலத்தின் தென்பகுதியில், கொள்ளிட முகத்தில், அகலங்குறைந்த ஒரு நீர்ப்பரப்பைக் கடக்க இரண்டு படைகள் உயிர் கொடுத்தன என்பதை அவர்களுள் அறிந்தோர் சிலரே.

அவ்விடம் தீவுக்கோட்டை. கம்பெனியார் ஏடுகள் அதனைத் தேவிக்கோட்டை என்றே குறித்தன. (செட்டிநாட்டுத் தேவகோட்டை வேறு.) ஏட்டுப் பெயரில் தீவு மறைந்தது; ஆயினும் அக்கோட்டையின் வரலாறு முழுவதும் நீரின் வரலாறே எனல் தகும்.

17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அத்தீவு சோழகன் என்னும் தலைவன் வசம் இருந்தது. அவன் செஞ்சி நாயக்கருக்கு அடங்கியவன். முதலைகள் மிகுந்த ஆறே அவனுக்கு அகழி. தஞ்சை இரகுநாத நாயக்கர் அவனை வென்ற செய்தியை யக்ஞநாராயண தீட்சிதரின் 'சாகித்திய ரத்நாகரம்', இராமபத்ராம்பாவின் 'இரகுநாதாப்யுதயம்' ஆகிய வடமொழிக் காவியங்கள் பாடுகின்றன. பின்னதை இயற்றியவர் அவைக்களப் பெண்பாற் புலவர். புகழ்ச்சியைக் கழித்துவிட்டுப் படித்தாலும் காவியம் வரலாற்றுக்குச் சான்றாகும் என்பதற்கு இவ்விரு நூல்களும் தக்க எடுத்துக்காட்டு.

இரண்டாம் போர் 1749இல் நிகழ்ந்தது. தஞ்சை அரியணையை இழந்த மராட்டிய இளவரசர் சாகுஜி, தமக்கு உதவினால் தீவுக்கோட்டையைத் தருவதாகத் தேவனாம்பட்டினத்து ஆங்கிலேயரிடம் கூறினார். அப்போது அரசாண்டவர் பிரதாபசிங். ஏப்ரலில் கேப்டன் கோப் தலைமையில் புறப்பட்ட படையை முதலில் எதிர்த்தது புயல். கடலூர்க் கரைக்கப்பால் நின்ற 'நாமூர்' என்னும் போர்க்கப்பல் 500 பேருக்கு மேற்பட்டோருடன் மூழ்கியது. தரைவழிச் சென்ற படையும் கோட்டையைப் பிடிக்க இயலாது திரும்பியது.

மேஜர் லாரன்சு தலைமையில் சென்ற இரண்டாம் படை கடல்வழியே கொள்ளிட முகத்தை அடைந்தது. மறுகரையிலிருந்து சுட்டுக் கோட்டை மதிலில் பிளவு கண்டும், இடைநின்ற ஆற்றைக் கடக்கும் வழி தெரியவில்லை. அவ்வேளையில் ஜான் மூர் என்னும் கப்பல் தச்சன், 400 பேரைத் தாங்கும் மிதவையொன்றைச் செய்தான். அதனை மறுகரைக்கு இழுப்பது எவ்வாறு? அவனே இருளில் நீந்திச் சென்று, தஞ்சைக் காவலர் மறைந்திருந்த புதர்க்கரையில் ஒரு பெருமரத்தின் வேரில் கயிற்றைப் பிணித்து மீண்டான். மறுநாள் அக்கயிற்றைப் பற்றியே மிதவை சென்றது. குண்டுமாரிக்கிடையே ஆறு கடக்கும்போதே ஏறத்தாழ 30 ஐரோப்பியரும் 50 சிப்பாய்களும் வீழ்ந்தனர்.

பின்னரே இராபர்ட் கிளைவ் முன்வருகிறார். அகவை 23. அவர் நடத்திச் சென்ற 34 ஐரோப்பியருள் 26 பேரைத் தஞ்சைக் குதிரைவீரர் வெட்டி வீழ்த்தினர், கிளைவ் தப்பினார். லாரன்சு முழுப்படையுடன் வந்து கோட்டையைக் கைப்பற்றினார். பாடநூல்கள் கிளைவின் துணிவைப் போற்றும்; கயிறு கட்டியவனைக் கூறா. கோட்டையை வீழ்த்தியது வாளினும் அக்கயிறே என்பது வெளிப்படை.

உடன்படிக்கையின்படி கோட்டையும், ஆண்டுக்கு 9,000 வராகன் வருவாயுள்ள நிலமும் கம்பெனிக்குக் கிடைத்தன. எவருக்காகப் போர் தொடங்கிற்றோ அச்சாகுஜிக்கு அரியணை கிட்டவில்லை. ஆண்டுக்கு 4,000 ரூபாய் உதவித்தொகையே கிட்டியது. அதனையும் தஞ்சை அரசரே தரவேண்டுமென ஏற்பாடு. வாணிகத்திற்கு வந்தோர் அரசுரிமைப் பூசலில் ஒரு பக்கம் நின்று நிலம் பெறும் முறை இக்கரையில் இவ்வாறு பழகப்பட்டது.

1758இல் தேவனாம்பட்டினக் கோட்டை பிரெஞ்சுக்காரரிடம் வீழ்ந்ததும் தீவுக்கோட்டையும் அவர்கள் வசமாயிற்று. சில ஆண்டுகளுக்குள் ஆங்கிலேயர் அதனை மீண்டும் பெற்றனர். இப்போரை விரிவாக எழுதிய இராபர்ட் ஓர்ம், 1763இல் வெளிவந்த தம் நூலில் தச்சனின் பெயரைப் பொறித்துள்ளார். அதே மிதவையில் மாண்ட 50 சிப்பாய்கள் அவர் நூலில் ஓர் எண்ணிக்கையாக மட்டுமே நிற்கின்றனர்.