தண்ணீரும் ரொட்டியும்

கங்கையை நாம் தாய் என்கிறோம். தாடி வைத்த கிழவராகக் கங்கையைப் பார்த்திருக்கிறீர்களா? ரோமாபுரியில் பார்க்கலாம். நவோனா சதுக்கத்தின் நடுவே, பெர்னினி என்ற மகாசிற்பி 1651-ல் முடித்த நீரூற்றில், நைல், டான்யூப், ரியோ தெ லா பிளாத்தா ஆகிய நதிகளோடு கங்கையும் நீண்ட துடுப்பைப் பிடித்துக்கொண்டு பாறைமேல் அமர்ந்திருக்கிறார். பழைய ரோமர்கள் நதிகளை ஆண் தெய்வங்களாகவே செதுக்கினார்கள். அந்த மரபு கங்கையையும் விடவில்லை!

இந்த நீரூற்றைக் காகிதத்தில் ஊர் ஊராக அனுப்பி வைத்தவர் ஜியோவன்னி பத்திஸ்தா ஃபால்தா. 1643-ல் பிறந்து 1678-ல் மறைந்த இந்தச் சித்திரக்காரருக்கு முப்பத்தைந்து வயதுகூட நிரம்பவில்லை. அதற்குள் ரோமாபுரியின் சதுக்கங்களையும் நீரூற்றுக்களையும் வரைந்து குவித்துவிட்டார். யாத்திரை வந்தவர்கள் அவற்றை வாங்கிப் போனார்கள்.

செப்புத் தகட்டில் மெழுகு பூசி, அதை ஊசியால் கீறித் திராவகத்தில் தோய்ப்பார்கள். கீறிய இடம் அரித்துப் பள்ளமாகும். பள்ளத்தில் மையை நிரப்பி, ஈரக் காகிதத்தை வைத்து அழுத்தினால் படம் இடவலம் மாறிப் பதியும். சரி, தண்ணீரை எப்படிக் காட்டுவது? சாமர்த்தியம் அங்கேதான் இருக்கிறது. பாறையையும் நிழலையும் நெருக்கமாகக் கீறிவிட்டு, தாரை விழும் இடத்தைப் பெரும்பாலும் வெறுமே விட்டுவிடுவார்கள். கோடு விழாத வெள்ளைக் காகிதமே தண்ணீராகிவிடும்.

கோடு விழாத இன்னொன்றும் உண்டு. நீரூற்றைக் கட்டச் சொன்னவர் போப்பாண்டவர் பத்தாம் இன்னொசென்ட். அவருடைய குடும்ப மாளிகை அந்தச் சதுக்கத்தில்தான் இருக்கிறது. 1640-களின் பிற்பகுதியில் வேலை நடந்தபோது ஊரில் தானியத் தட்டுப்பாடு; செலவுக்கோ ஜனங்கள்மேல் வரி. நடுவில் நிறுத்தக் கொண்டுவந்த கல்தூணின் துண்டுகளில் யாரோ சீட்டு ஒட்டினார்கள். கல் வேண்டாம், ரொட்டி கொடுங்கள் என்பதே அதன் சாரம்.

அப்போது ஃபால்தா குழந்தை. கால் நூற்றாண்டு கழித்து, சுமார் 1675-ல், அவருடைய நீரூற்றுப் புத்தகம் வந்தபோது அந்தப் பசி பழங்கதையாகிவிட்டது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கண்ட அழகை வரைந்தார். அந்த அழகும் பொய்யல்ல. படத்தின் அடியில் சிற்பியின் பெயர் இருக்கிறது. வரி கொடுத்தவர்களின் பெயர் இல்லை. ரசிக்கிற நாமாவது அவர்களை நினைத்துக்கொள்ளலாம். நீரூற்றுக்கு விலை கொடுத்தவர்கள் அவர்கள்தானே!