ஊத மறுப்பதும் குற்றமாக வேண்டும்: மோட்டார் வாகனச் சட்டத்தின் 205ஆம் பிரிவு குறித்து

குடித்துவிட்டு வண்டி ஓட்டுவோருக்கு முதல்முறை விதிக்கும் அபராதத்தின் உச்சம் 2,000 ரூபாயாக இருந்தது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் அதை 10,000 ரூபாய் ஆக்கியது. 6 மாதம் வரை சிறையும் உண்டு. மறுமுறை சிக்கினால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 15,000 ரூபாய், அல்லது இரண்டும். ஓட்டுநர் உரிமத்தை 3 மாதம் முடக்கவும் வழியுண்டு. தண்டனையில் குறையில்லை. குற்றத்தை மெய்ப்பிக்கும் வழியில்தான் ஓட்டை இருக்கிறது.

மதுவைப் பொறுத்தவரை 185ஆம் பிரிவு கேட்பது ஓர் எண்ணை: 100 மி.லி. இரத்தத்தில் 30 மி.கி.க்கு மேல் ஆல்கஹால். 1971இல் மகாராஷ்டிரத்திலிருந்து வந்த கர்யானி மேல்முறையீட்டில், மது வாடை, தள்ளாடும் நடை, குழறிய பேச்சு, விரிந்த கண்பாவை என மருத்துவர் கண்டவை எல்லாம் பதிவாகியிருந்தன. இரத்தச் சோதனை அறிக்கை தாக்கல் செய்யப்படவில்லை. எனவே இவை போதா என்றது உச்ச நீதிமன்றம்.

அந்த எண்ணோ நேரம் போகப் போக இறங்கும். குடித்தது இரத்தத்தில் கலந்து முடிந்தபின், மணிக்கு ஏறத்தாழ 15 மி.கி. வீதம் குறையும். பிடிபடும்போது 50 மி.கி. இருந்தவர் ஒன்றரை மணி நேரம் இழுத்தடித்தால் வரம்புக்குள் வந்துவிடுவார். கைதானவரை மருத்துவரிடம் காட்ட 202ஆம் பிரிவு தரும் அவகாசம் 2 மணி நேரம். தவறினால் விடுவித்தாக வேண்டும். தேவையான அளவு பலம் பயன்படுத்திச் சோதிக்க பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 51ஆம் பிரிவு இடம் தருவது உண்மையே. ஆனால் நடுச்சாலையில் தகராறு, காவல் நிலையம், அரசு மருத்துவமனையில் காத்திருப்பு என்று நேரம் கரைந்துபோகிறது.

விவரம் தெரிந்தவர் அதனால் மூச்சுச் சோதனைக் கருவியில் ஊத மாட்டார். மறுப்பை அரசுத் தரப்புச் சான்றுக்கு வலுச்சேர்க்கும் சூழ்நிலையாக ஊகிக்கலாம் என்று மட்டுமே 205ஆம் பிரிவு சொல்கிறது. முதன்மைச் சான்றே இல்லாதபோது எதற்கு வலுச்சேர்ப்பது? நம் சட்டம் இயற்றப்பட்ட அதே 1988இல் பிரிட்டன் இயற்றிய சாலைப் போக்குவரத்துச் சட்டம், தக்க காரணமின்றி மாதிரி தர மறுப்பதையே தனிக் குற்றமாக வைத்திருக்கிறது. வண்டி ஓட்டியவர் மறுத்தால் பொதுவாகக் குறைந்தது 12 மாதம் உரிமம் போகும். மறுத்தவர், ஊதிச் சிக்கியவரைவிட எளிதில் தப்ப முடியாது. நம் சட்டத்துக்கும் இத்தகைய பிரிவு உடனே தேவை.

தனக்கெதிராகத் தானே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்னும் அரசமைப்பின் 20(3) இதற்குத் தடையாகாது. கைரேகையும் கையெழுத்து மாதிரியும் அவ்வகைச் சாட்சியம் ஆகா என்று காதி காலு ஒகாட் வழக்கில் (1961) 11 நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. மூச்சும் அவ்வகையே என்பது என் கருத்து. அக்கறைப்பட வேண்டியது கருவியைப் பற்றி. அளவு சரிபார்க்கப்படாத கருவியில் ஊத வைத்துவிட்டு ஒருவரைக் குற்றவாளியாக்குவது அநீதி. ஆஸ்துமாக்காரருக்கு மூச்சு எட்டாமல் போகலாம். ஆகவே 205இல் இப்போதுள்ள ‘தக்க காரணம்’ என்னும் விலக்கு புதிய பிரிவிலும் தொடர வேண்டும். கருவி கடைசியாகச் சரிபார்க்கப்பட்ட தேதி ரசீதிலேயே அச்சாக வேண்டும். ஊதியவர் கேட்டால் இரத்தச் சோதனை அவருடைய உரிமையாக வேண்டும்.