கைரி இர்விங் கேட்ட தனிக் கிளை

பேங்க் வேலையில் இருப்பவர்களுக்கு இது தெரியும். பெரிய கிளையில் இரண்டாம் ஆளாகக் காலம் தள்ளுவதைவிட, குக்கிராமமானாலும் தனிக் கிளை மேல் என்று நினைக்காத ஆபீசர் குறைவு. மேனேஜர் கெட்டிக்காரராக இருந்துவிட்டால் இந்த ஆசை இன்னும் கூடும். நாம் எவ்வளவு உழைத்தாலும் பெயர் அவருக்குத்தானே!

அமெரிக்கக் கூடைப்பந்தில் இதே ஆசையோடு கிளம்பியவர் கைரி இர்விங். 2011-ல் புது வீரர்கள் தேர்வில் முதல் ஆளாக கிளீவ்லேண்ட் அணிக்கு வந்தார். அவரை நம்பி ஓடிய மூன்று சீசனிலும் அணி ஜெயித்ததைவிடத் தோற்றதே அதிகம். 2014-ல் லெப்ரான் ஜேம்ஸ் மயாமியிலிருந்து சொந்த மாநிலத்துக்குத் திரும்பினார். அன்றிலிருந்து அது லெப்ரானின் அணி.

2016 இறுதித் தொடரில் கோல்டன் ஸ்டேட்டிடம் 1-3 என்று பின்தங்கிய கிளீவ்லேண்ட், மீண்டு வந்து கோப்பையை வென்றது. ஏழாவது ஆட்டம் 89-89 என்று நின்றபோது, 53 விநாடி மிச்சமிருக்க, மூன்று புள்ளிப் பந்தைப் போட்டவர் கைரி. பெரிய விளையாட்டுகளில் 1964-க்குப் பிறகு அந்த ஊர் பார்த்த முதல் கோப்பை அது. ஆனால் தொடரின் சிறந்த வீரர் விருது லெப்ரானுக்குப் போனது. நியாயமான விருதுதான். இருந்தாலும் 24 வயசுப் பையன் மனசு என்ன பாடுபட்டிருக்கும்?

அடுத்த வருடமே, 2017-ல், தன்னை வேறு அணிக்கு மாற்றச் சொன்னார். ஆகஸ்டில் பாஸ்டன் கிடைத்தது. அங்கே அவர்தான் முதல் ஆள்.

2018-ல் முழங்கால் அறுவை சிகிச்சையால் அவர் வெளியே உட்கார, பாஸ்டனின் இளைஞர்கள் அவர் இல்லாமலே கிழக்குப் பிரிவின் இறுதித் தொடர் ஏழாவது ஆட்டம் வரை போனார்கள். 2019-ல் அவரோடு ஆடிய அதே அணி இரண்டாம் சுற்றில் மில்வாக்கியிடம் 1-4 என்று தோற்றது. ஆட்டத் திறமை கொஞ்சமும் குறையவில்லை. சின்னப் பையன்களை அரவணைத்துக் கூட்டிப் போவதுதான் கைவரவில்லை.

அந்த 2019 ஜனவரியில் அவரே லெப்ரானுக்குப் போன் போட்டு, எல்லாம் தனக்கே வேண்டும் என்று நின்ற இளைஞனாகத் தான் இருந்ததற்கு மன்னிப்புக் கேட்டார். அதைப் பத்திரிகையாளர்களிடம் அவரே சொன்னார்.

அதற்காக அவர் போனது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். ஊரை விட்டு வந்த நாமும் ஏதோ ஒரு நிழலிலிருந்து விலகி வந்தவர்கள்தானே. மேனேஜர் நாற்காலியின் கனம் அதில் உட்கார்ந்த பிறகுதான் தெரியும். தெரிந்ததும் பழைய மேனேஜருக்குப் போன் போடுகிறவர்கள் எத்தனை பேர்?