எள்ளுக்கு ஒரு வரி, மூணு வரி

எண்ணெய்ங்கற சொல்லே எள்+நெய்தான்னு நம்ம பதிவர்கள் நிறைய பேர் எழுதியாச்சு. நான் வேற பக்கம் வர்றேன்.

1918-ல குன்னூர் பாஸ்டர் ஆய்வகத்துல ஒரே ஒரு அறையில, பெரிபெரி நோயை ஆராய ராபர்ட் மெக்கரிசன் ஒரு கூடம் ஆரம்பிச்சார். அதே வருஷம் நம்ம சேலத்துல பிறந்தவர் சி. கோபாலன். பின்னாடி அந்தக் கூடம் ஹைதராபாத் போய் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமா வளர்ந்தப்ப அதோட தலைவர் இவர்தான். அஸ்தம்பட்டி ரவுண்டானாவுல நின்னு கேட்டுப் பாருங்க, எத்தனை பேருக்கு இவரைத் தெரியும்னு! :-)

இந்திய உணவுகளோட சத்து அட்டவணையை முதல்ல 1937-ல குன்னூர்ல அய்க்ராய்டு போட்டார். அதை விரிவாக்கி கோபாலன் குழு 1971-ல கொண்டுவந்த புத்தகத்துல எள்ளுக்கு ஒரே வரிதான்: 100 கிராம்ல 1450 மில்லிகிராம் கால்சியம். கறுப்பு, வெள்ளைங்கற பேச்சே இல்ல. வயல்ல மட்டும் டிஎம்வி 3, கறுப்பு பையூர் 1, வெள்ளை எஸ்விபிஆர் 1னு ரகம் ரகமா வந்துச்சு. ஆனா அதுல முக்கியமா பார்த்தது விளைச்சலும் எண்ணெய்ச் சத்தும்.

2017-ல வந்த புது அட்டவணையில எள்ளு மூணு வரியாச்சு. கால்சியம் கறுப்புல 1664, வெள்ளையில 1283, பழுப்புல 1174. ஆஹா, கறுப்புதான் ராஜான்னு துள்ளாதீங்க. இரும்புச்சத்து மூணுலயும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். "கறுப்புல இரும்பு ஜாஸ்தி"ன்னு கடையில சொல்றதுக்கு இங்க ஆதாரம் இல்ல. ரத்தசோகைன்னு டாக்டர் சொன்ன எங்கக்கா பொண்ணுக்கு மாத்திரையை நிறுத்திட்டு கறுப்பு எள்ளுருண்டை கொடுக்கலாமான்னு வீட்டுல பேச்சு நடந்தப்ப நான் சண்டை போட்டது இதனாலதான்.

ரகத்தை விட பெரிய வித்தியாசம் தோல்ல இருக்கு. அமெரிக்க அட்டவணைப்படி முழு எள்ளுல 975 மில்லிகிராம் கால்சியம், தோல் நீக்கினா வெறும் 60! அந்தத் தோல் கால்சியமும் பெரும்பாலும் ஆக்சலேட்டா கட்டுண்டு கிடக்குது, உடம்புல சரியா சேராது. இதுல மண்ணைப் பொறுத்து வேற மாறும். ஒரே ரகத்தை ரெண்டு ஊர்ல விதைச்சா ரெண்டு கணக்கு.

உங்க பக்கம் உருண்டைக்கு எள்ளை ஊறவெச்சுத் தேய்ச்சுத் தோல் எடுப்பீங்களா, இல்ல அப்படியே வறுத்து இடிக்கறதா? பின்னூட்டத்துல சொல்லுங்க.