நாடு கடத்தலும் குடும்பங்களும்

மலாயாத் தமிழரின் வரலாற்றைப் பேசுங்கால், கப்பலேறி வந்தவர்களைப் பற்றியே நாம் பெரிதும் பேசுகின்றோம். வந்தவருள் ஒரு பகுதியினர் சிறைப்பட்டதையும், வந்த வழியே திருப்பி அனுப்பப்பட்டதையும் அத்துணை விரிவாகப் பேசுவதில்லை. அவர்தம் மனைவி மக்கள் என்னவாயினர் என்னும் வினாவோ எழுவதே அரிது. மாணவர்களுக்கு வரலாறு கற்பிக்கும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய பொருள் இது.

நாடு கடத்தும் அதிகாரம் குடியேற்ற ஆட்சியின் பழைய கருவிகளுள் ஒன்றாகும். சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களில் 1888ஆம் ஆண்டிலேயே இதற்கெனத் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. முதற்கண் சீனரின் இரகசியச் சங்கங்களை ஒடுக்கவே அது பெரிதும் பயன்பட்டது. மலாய் மாநிலங்களிலும் இத்தகைய சட்டங்கள் நடைமுறைக்கு வந்தன. நீதிமன்றத்தில் குற்றத்தை மெய்ப்பிக்க வேண்டியதில்லை. ஆட்சியாளரின் ஆணையே போதும் என்பது இச்சட்டங்களின் இயல்பு.

இவ்வதிகாரம் தமிழ்த் தொழிலாளர்மீது பாய்ந்ததற்கு 1941ஆம் ஆண்டின் கிள்ளான் வேலைநிறுத்தம் சிறந்த சான்றாகும். சீனத் தொழிலாளர்க்கு இணையான கூலி, கொடுமை புரியும் கிராணிகளை நீக்குதல், தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூடுதல் முதலியன தொழிலாளரின் கோரிக்கைகள். துரையைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்கும் வழக்கம் ஒழியவேண்டும் என்பதும் அவற்றுள் ஒன்று. கூலியோடு மானத்தையும் அவர்கள் கேட்டனர். அவர்களை வழிநடத்திய ஆர். எச். நாதன் மே மாதத்தில் கைது செய்யப்பட்டு இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். அவரை விடுவிக்கக் கோரி வேலைநிறுத்தம் மேலும் பரவியது. சிலாங்கூரில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது, படையினரும் வரவழைக்கப்பட்டனர். முன்னின்ற தொழிலாளர் பலரும் சிறையிடப்பட்டனர். சிலர் நாடு கடத்தப்பட்டனர்.

1948 ஜூன் மாதத்தில் அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டபின் இவ்வதிகாரம் இன்னும் விரிந்தது. விசாரணையின்றித் தடுத்து வைக்கவும், தடுத்து வைக்கப்பட்டோரை நாட்டைவிட்டு அனுப்பவும் விதிகள் செய்யப்பட்டன. அனுப்பப்பட்டோருள் சீனரே மிகப் பெரும்பான்மையினர், இந்தியரும் இருந்தனர். கூட்டரசுக் குடிமகனல்லாதான் எவனும் இவ்விதிக்கு எளிதில் ஆட்படுவான். தமிழகத்தில் பிறந்து வந்த தொழிலாளியோ, 20 ஆண்டுகளுள் 15 ஆண்டுகள் இங்கு வாழ்ந்தமையைக் காட்டி, மலாய்மொழியோ ஆங்கிலமோ அறிந்திருந்தால்தான் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். தமிழன்றிப் பிறமொழி பயில வாய்ப்பற்ற பால்மரத் தொழிலாளிக்கு அஃது எட்டாக் கனியாயிற்று.

இனி, குடும்பத்தின் நிலையைக் காண்போம். தோட்டத் தொழிலாளியின் வாழ்வு முழுமையும் தோட்டத்தின் கைக்குள் அடங்கியிருந்தது. அவன் குடியிருந்த லயத்து வீடு தோட்டத்துக்குரியது. பிள்ளை பயின்ற பள்ளியும், 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்திற்கிணங்கத் தோட்ட நிருவாகம் நடத்திய பள்ளியே. எனவே, குடும்பத் தலைவன் சிறைப்பட்டால் ஊதியம் மட்டுமன்று. வீடும் பள்ளியும் ஐயத்திற்கு இடமாயின.

மனைவியின் முன்னே இரண்டே வழிகள் இருந்தன. கணவனைத் தொடர்ந்து செல்வது ஒன்று. இங்கேயே தங்குவது மற்றொன்று. சென்றால், இங்குப் பிறந்த பிள்ளைகள் தாம் கண்டறியாத ஓர் ஊரில், நிலமும் தொழிலுமின்றி, உறவினர் தயவில் வாழவேண்டும். தங்கினால், ஆணினும் குறைந்த கூலி பெறும் பெண்ணொருத்தி தனியாகப் பிள்ளைகளைக் காக்கவேண்டும். மூத்த பிள்ளை புத்தகத்தை வைத்துவிட்டுத் தாயோடு பால்காட்டுக்குச் செல்வதைத் தவிர வேறு வழி ஏது? ஆணையில் எழுதப்பட்ட பெயர் ஒன்றே. தண்டனையைச் சுமந்தவர் பலர்.

பிரிவு சில காலத்திற்கே என்று நம்பியிருந்தோர்க்கும் வழி அடைபட்டது. திறனற்ற தொழிலாளர் உதவி பெற்று மலாயா செல்வதை இந்திய அரசு 1938இலேயே தடுத்திருந்தது. 1953இல் நடைமுறைக்கு வந்த குடிநுழைவுச் சட்டம் இந்நாட்டின் வாயிலையும் பெரிதும் குறுக்கியது. ஒருகாலத்தில் தடையின்றிக் கடந்த கடல், குடும்பங்களின் நடுவே மதிலாயிற்று.

மலேசியாவின் நாடு கடத்தல் சட்டம் 2011ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. ஆயினும் அச்சட்டங்களால் சிதறிய குடும்பங்களின் வரலாறு எழுதப்படாமலே மறைந்து வருகின்றது. ஆசிரியர்கள் தம் மாணவரைக் கொண்டு முதியோரின் நினைவுகளைக் கேட்டெழுதச் செய்யலாம். பிறப்புப் பத்திரமும் குடியுரிமையும் வெறும் தாள்கள் அல்ல, ஒரு குடும்பம் ஒன்றாய் வாழ்வதற்குரிய காப்பு என்பதையும் அவ்வழியே உணர்த்தலாம்.

இன்றும் பிறநாட்டுத் தொழிலாளர் பலர் நம் நாட்டுக்குப் பிழைப்புத் தேடி வருகின்றனர். உரிய பத்திரமின்றிப் பிடிபட்டோர் தடுப்பு முகாம்களில் அடைக்கப்படுகின்றனர், திருப்பியும் அனுப்பப்படுகின்றனர். சட்டம் தன் கடமையைச் செய்யட்டும். ஆயினும் அவர்களுக்குப் பின்னாலும் ஒரு தாயும் பிள்ளைகளும் உளர் என்பதை, நம் முன்னோரின் வரலாறறிந்த மாணவன் பிறர் சொல்லாமலே அறிவான். வரலாற்றுக் கல்வியின் பயன் அதுவே.